பீரோவில் இருக்கும் சாட்சி

கல்நார் என்றால் பலருக்குப் புரியாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் உடனே புரியும். அதைச் செய்கிற ஆலையில் வேலை பார்த்தவருக்குத் தூசு நுரையீரலில் போய்த் தங்கி, இருபது வருஷம், நாற்பது வருஷம் கழித்துக்கூட நோயாகக் கிளம்பும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், வறட்டு இருமல் விடாது. நாமோ, "வயசாச்சு, வேறென்ன?" என்று கஷாயம் போட்டுக் கொடுத்து விடுகிறோம். அதற்குள் ஆலையையே மூடியிருப்பார்கள். நஷ்ட ஈடு கேட்க எதைக் காட்டுவது?

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷா என்று ஒரு பெண். 12 வயதிலேயே கல்நார் வேலைக்குப் போனவள். 1917 முதல் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் கல்நார் நூல் நூற்றாள். 1922-ல் வேலைக்கே போக முடியாமல் ஆயிற்று. டாக்டர் 'கல்நார் விஷம்' என்று சர்ட்டிபிகேட் எழுதினார். அதுவே வினையாயிற்று! தொழிலால் வந்த நோய், ஆலையைக் கேள் என்றார்கள் காப்பீட்டுக்காரர்கள். சட்டப் பட்டியலில் அப்படி ஒரு நோயே இல்லை என்று ஆலை கையை விரித்தது. 1924-ல், 33 வயதில் போய்விட்டாள். அடக்கச் செலவுக்குக்கூட ஆலை காசு தரவில்லை. கொடுத்தால் முன்மாதிரியாகி விடுமாம்! அவள் நுரையீரலை ஆராய்ந்து டாக்டர் குக் எழுதினார். 1931-ல்தான் அங்கே கல்நார் ஆலைகளுக்கென்று விதிகள் வந்தன.

நம் நாட்டில், ஆமதாபாத் நுகர்வோர் அமைப்பு ஒன்று போட்ட வழக்கில் 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நோய் உறுதியான தொழிலாளிக்கு ஒரு லட்ச ரூபாய். தொழிலாளியின் உடல்நலக் குறிப்பை, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம் அல்லது வேலையை விட்டு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை ஆலை வைத்திருக்க வேண்டும்.

ஆலை வைத்திருக்கிறதோ இல்லையோ, நாம் வைத்திருக்கலாமே! எனக்குத் தெரிந்த ஒரு மாமி, கணவர் ரிடையரான கையோடு 'குப்பை' என்று அத்தனையையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டார். அதில் வேலை உத்தரவும் போயிற்று. வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. அட்டை, பழைய எக்ஸ்ரே எல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி பத்திரமாக இருக்கட்டும். எந்த வருஷம், எந்தப் பகுதியில் வேலை (மூட்டை பிரிக்கிற இடமா, ஷீட் அறுக்கிற இடமா?), கூட இருந்தவர்கள் யார், விலாசம் என்ன என்று அவரைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். டாக்டரிடம் போனால் இருமலை மட்டும் சொல்லாமல் பார்த்த வேலையையும் சொல்லி, சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணம் ஏது என்கிறீர்களா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் வருஷச் சட்டம் அது.

இன்னொன்று. லண்டனில் 1965-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நுரையீரல் உறையிலோ வயிற்று உறையிலோ புற்றுநோயோடு வந்த 76 பேரைப் பற்றி விசாரித்தார்கள். 9 பேர் ஆலைப் பக்கமே போனவர்கள் இல்லை; வீட்டில் வேறு ஒருவர் கல்நார் வேலை பார்த்தார், அவ்வளவுதான். பெரும்பாலும் கணவரின் வேலைத் துணியை உதறித் துவைத்த மனைவிகள். வேலைத் துணி ஆலையிலேயே துவைபட வேண்டும். வீட்டுக்கு வந்தே தீரும் என்றால் உதறாமல், தனியாக நனைத்துத் துவையுங்கள். அந்த நாளில் உதறித் துவைத்தவர்கள், மூச்சு வாங்கினால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார்.