சுவத்துக்குச் சளி!

எங்கள் வீட்டில் பேஸ்மென்ட் இருக்கிறது என்று ஆபீஸில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். 'அடேயப்பா, பெரிய கைதான்!' என்று கைமாத்து கேட்க நாலு பேர் வந்துவிட்டார்கள்.

விஷயம் வேற சார். மேற்கு மாம்பலத்தில் என் தாத்தா 1974-ல் இந்த வீட்டைக் கட்டியபோது, தெருவிலிருந்து மூணு படி ஏறித்தான் உள்ளே வரணுமாம். இப்போது ரெண்டு படி இறங்கணும். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. தெருதான் வளர்ந்துவிட்டது! பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தார், அதன் தலையில் இன்னொரு தார்... சுரண்டிவிட்டுத்தான் போடணும் என்று 2021-ல் அரசாங்க உத்தரவே வந்தது. அதற்குள் எங்கள் தெரு வளரவேண்டிய அளவுக்கு வளர்ந்து முடித்திருந்தது.

ஆக, ஒரு பைசா செலவில்லாமல் எனக்கு பேஸ்மென்ட் கிடைத்தது. கூடவே ஓதம்.

பின்பக்க அறைச் சுவர்தான் மோசம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் இடுப்பு உயரத்துக்கு காரை பொரிந்து, உப்புப் பூத்து, தொட்டால் பொலபொல. நான் செய்த வைத்தியம், ஒரு காலண்டர் மாட்டியது. ஓதம் காலண்டரைத் தாண்டியதும் பீரோவை நகர்த்தி வைத்தேன். பீரோ துருப்பிடித்ததும், அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் கும்பகோணத்திலிருந்து மாமியார் போன்.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ரூம்லயா தூளி கட்டப் போறீங்க? பச்சக் கொழந்தைக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும். அஞ்சாம் மாசம் கொண்டாந்து விடறதா இருந்தோம். சுவரு சரியானப்புறம் பாத்துக்கலாமே?"

மகள் பிறந்து ரெண்டு மாசம். நான் நேரில் பார்த்தது ரெண்டே தடவை. மற்றதெல்லாம் செல்போன் வீடியோவில்தான். அதிலும் பாதி நேரம் மாமியாரின் கட்டைவிரல்தான் தெரியும். ஒரு சுவர் என் மகளை நிறுத்தி வைப்பதா? ரோஷம் வந்துவிட்டது. கையிருப்பு ஏழாயிரம் ரூபாய்.

முதலில் ஒரு கான்ட்ராக்டர் வந்தார். டாக்டர் மாதிரி சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, "நாப்பத்திரெண்டு ஆகும் சார்" என்றார். நாற்பத்திரெண்டு நாள் என்று நினைத்து சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டேன். ஆயிரமாம்.

ஆபீஸ் நண்பன், "பி.வி.சி. பேனல் ஒட்டிடுடா. ஒரே நாள் வேலை. ஓட்டல் ரிசப்ஷன் மாதிரி ஆயிடும்" என்றான். முன்பணம் கொடுக்கிற அளவுக்குப் போய்விட்டேன். நல்லவேளை, டீக்கடையில் அந்தக் கொத்தனார் கிடைத்தார். எழுபது வயசு இருக்கும். வந்து பார்த்தார்.

"தம்பி, சுவத்துக்குச் சளி புடிச்சிருக்கு. நீ மூஞ்சிக்குப் பவுடர் போடறேங்கற. உள்ள ஊறிக்கிட்டேதான் இருக்கும்."

'ரூமுக்குள் காற்றோட்டமில்லாத ஈரமாக இருக்கக்கூடாதா?' என்று என் படிப்பைக் காட்டினேன். அவர் பேசவில்லை. ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரோடு ஒட்டச் சொன்னார். ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால், தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அறைக்காற்றின் ஈரம் என்றால் வெளிப்பக்கம் வேர்த்திருக்குமாம். படிப்பு அம்பேல்.

"டீயில பொறையைத் தொட்டா மேல ஏறுதில்ல? செங்கல்லும் பொறைதான். மொதல்ல டீ எங்கருந்து வருதுன்னு பாரு" என்றார்.

வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் டீ இருந்தது! அம்மாவின் செம்பருத்தித் தொட்டிகள், பழைய செங்கல், பல வருஷத்து மண். உள்ளே இருக்கும் தரையைவிட வெளியே மண் ஒரு அடி உயரம். அதற்குள் பாத்ரூம் குழாய் ஒன்று விரிசல் விட்டு சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது. நாங்கள் குளித்த குளியலெல்லாம் சுவர் குடித்திருக்கிறது.

மூணு ஞாயிற்றுக்கிழமை வெட்டினேன். முதல் வாரம் கையில் கொப்புளம். ரெண்டாவது வாரம் இடுப்பு. மூணாவது வாரம் எதிர்வீட்டுக்காரர், "உங்க சந்துக்கு என்ன ரேட்டு? எங்க சந்தையும் பாக்கறியாப்பா?" என்றார். குழாயை மாற்றினேன். தண்ணீர் தேங்காமல் வெளியே ஓட வாட்டம் வைத்தார் கொத்தனார்.

உள்ளே, ஓதம் ஏறியிருந்த கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை காரையைக் கொத்தி எடுத்தாயிற்று. உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால்தான் தட்டி வாரணும். ஈரத்துணி போட்டுத் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். ஒரு மாசம் ஜன்னலைத் திறந்து, ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஏப்ரல் மாதத்தில், சார்! சுவருக்குக் காற்று, எனக்கு விசிறி.

அடுத்த சண்டை, சிமென்ட்டா சுண்ணாம்பா என்று. நான் சிமென்ட் கட்சி.

"முழுசாக் காய வருஷமாகும் தம்பி. சிமென்ட்ட போட்டு மூடினா ஈரம் வெளிய வர வழியில்லாம இன்னும் மேல ஏறும். சுண்ணாம்புன்னா மூச்சு விட்டுக்கிட்டே காயும்."

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூணு பங்கு மணல். கொத்தனாருக்கு ரெண்டு நாள் கூலி. சித்தாள் கூலி மிச்சம்... ஏனென்றால் சித்தாள் நான். "சித்தாளு! கலவை எங்க?" என்று அவர் போட்ட அதட்டலில் என் மேனேஜர் ரொம்ப சாதுவாகத் தெரிந்தார். மேலே பெயின்ட் கிடையாது, வெறும் வெள்ளைதான். எல்லாம் சேர்த்து 6,850 ரூபாய். மிச்சம் நூற்றைம்பதுக்குக் கொத்தனாரும் நானும் பரோட்டா சாப்பிட்டோம்.

ஜூன் மாதம் மாமியார் வந்தார். உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். புறங்கையை வைத்தார். நான் ரிசல்ட் பார்க்க வந்த பையன் மாதிரி நின்றேன்.

"ம்... தூளியைக் கட்டுங்க" என்றார்.

அன்று ராத்திரி மூணு மணி. தண்ணீர் குடிக்க எழுந்தவன் காலடியில் சில்லென்று ஈரம். அடிவயிறு கலங்கியது. டார்ச்சை அடித்து, மண்டியிட்டு, சுவரின் அடியிலிருந்து அங்குலம் அங்குலமாகத் தடவினேன். காய்ந்துதான் இருக்கிறது! அப்புறம் எங்கிருந்து...

"என்னங்க, அங்க என்ன தேடறீங்க?" என்றாள் மனைவி, தூக்கக் கலக்கத்தில். "மேல பாருங்க."

தூளியிலிருந்து இன்னொரு சொட்டு விழுந்தது.