தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதுமா? 'சூப்பர் சாயில்' கணக்கும் நாமக்கல் கோழி எருவும்

'உரமே வேண்டாம், தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும், செடி தானா வளரும்.' மாடித்தோட்ட வீடியோக்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. 'சூப்பர் சாயில்' என்ற பெயரில் சுற்றும் இந்த முறைக்குத் தேவையான முக்கியமான பொருள் நாமக்கல், சேலம் வட்டாரத்தில் மலைபோல் குவிகிறது: கோழி எரு. அதை அப்படியே அள்ளிப் போட்டால் செடி வளருமா, கருகுமா?

இந்த ஐடியா எங்கிருந்து வந்தது?

சூப்பர் சாயிலைப் பிரபலமாக்கியவர்கள் அமெரிக்காவின் கஞ்சா வளர்ப்பாளர்கள். வாரா வாரம் திரவ உரத்தை அளந்து ஊற்றுவதற்குப் பதிலாக, ஒரு பயிருக்குத் தேவையான மொத்தச் சத்தையும் மண்ணில் முன்கூட்டியே கலந்து, சில வாரம் ஊறவிட்டு, பிறகு தண்ணீர் மட்டும் விடுவது அவர்கள் வழி.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அங்கே பல மாகாணங்களில் கஞ்சா வளர்க்க அனுமதி உண்டு. இந்தியாவில் அரசு அனுமதியில்லாமல் கஞ்சா செடி வளர்ப்பது, 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (என்டிபிஎஸ்) 20-வது பிரிவின்படி குற்றம். 10 ஆண்டுகள் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மாடியில் ஒரே ஒரு தொட்டி என்றாலும் கதை அதேதான்.

ஆனால் மண் தயாரிக்கும் முறைக்குத் தடை எதுவும் இல்லை. தக்காளி, மிளகாய், கத்தரி என நிறையச் சத்து கேட்கும் எந்தச் செடிக்கும் இது பொருந்தும்.

தண்ணீர் மட்டும் எப்படிப் போதும்?

தண்ணீரில் சத்து கிடையாது. சத்து மண்ணில்தான் இருக்கிறது, ஆனால் செடியால் நேரடியாக எடுக்க முடியாத வடிவத்தில். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து வேருக்குக் கொடுக்கின்றன. அவை உயிரோடு வேலை செய்யத்தான் ஈரம் தேவை. அதாவது உரச் செலவும் உழைப்பும் காணாமல் போவதில்லை, விதைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கோழி எருவில் என்ன விசேஷம்?

கோழி எருவில் சுமார் 3 சதவீதம் தழைச்சத்தும், 2.6 சதவீதம் மணிச்சத்தும், 1.4 சதவீதம் சாம்பல்சத்தும் இருக்கின்றன. சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான்.

கணக்குப் போட்டால், ஒரு டன் காய்ந்த கோழி எருவில் 30 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றரைக்குச் சமம். முட்டைக்குப் பெயர்போன நாமக்கல்லில் இது பக்கத்துப் பண்ணையிலேயே கிடைக்கும்.

அப்படியே போட்டால் என்ன ஆகும்?

கோழி எச்சத்தில் யூரிக் அமிலம் அதிகம். ஈரம் பட்டதும் அது சீக்கிரம் அம்மோனியாவாக மாறும். மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். மூடிய தொட்டியிலும் குரோ பேக்கிலும் அந்த அம்மோனியாவும் உப்பும் சேர்ந்து இளம் வேரைக் கருக்கிவிடும். பச்சை எருவில் சால்மோனெல்லா போன்ற கிருமிகளும் இருக்கலாம். கீரையைப் பறித்துப் பச்சையாகச் சாப்பிடும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

முட்டைக்கோழி எருவில் இன்னொரு சிக்கல் உண்டு. முட்டை ஓட்டுக்காகத் தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்பும் சேர்ப்பதால் எருவிலும் சுண்ணாம்பு தங்கும். ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இதை மேலும் மேலும் கொட்டினால், இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. இலை வெளுக்கும். உரம் பத்தவில்லை என நினைத்து இன்னும் கொட்டுவோம். நிலைமை இன்னும் மோசமாகும்.

வயலிலும் இதே கதைதான். அளவுக்கு மீறிய தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி, மழையோடு கிணற்றுத் தண்ணீரில் இறங்கும்.

அப்போ எப்படித் தயாரிப்பது?

* கார்பன் சேர்க்கவும்: கூண்டுக்கு அடியில் குவியும் எச்சத்தில் தழைச்சத்து அதிகம், கார்பன் குறைவு. தேங்காய்நார்க் கழிவு, காய்ந்த இலை, உமி ஆகியவற்றில் கார்பன் அதிகம். மக்குவதற்கு ஏற்ற விகிதம், ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கார்பன். கறிக்கோழிப் பண்ணை எருவில் தரையில் பரப்பிய நாரோ உமியோ ஏற்கெனவே கலந்திருக்கும். அதனால் கார்பன் கொஞ்சம் குறைவாகச் சேர்த்தால் போதும்.

* ஈரம்: கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது.

* சூடு: குவியலுக்குள் 55 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினால்தான் கிருமிகள் சாகும். வெளிப்பக்க எருவும் உள்ளே போகும்படி அவ்வப்போது கிளறிவிட வேண்டும்.

* காத்திருப்பு: குறைந்தது மூன்று மாதம். நெடி போய், மண்வாசம் வர வேண்டும்.

* கலவை: செம்மண், உப்பு போகக் கழுவி மக்கவைத்த நார்க்கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றோடு மக்கிய கோழி எருவைச் சேர்க்கலாம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் போடலாம். பிறகு இரண்டு மூன்று வாரம் லேசான ஈரத்தில் மூடி வைக்கவும்.

* சோதனை: ஒரு டம்ளர் கலவையில் பத்து வெந்தயம் விதைத்துப் பாருங்கள். முளைக்கவில்லை என்றாலோ, முளைத்து நுனி கருகினாலோ மண் இன்னும் ரெடி ஆகவில்லை.

தண்ணீரையும் கவனிக்கணும்

'தண்ணீர் மட்டும்' என்றால் எந்தத் தண்ணீர் என்ற கேள்வியும் வரும். இந்தச் சமவெளியில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. குரோ பேக்கில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். பையின் அடியில் வடிகால் ஓட்டை அவசியம். மழைத் தண்ணீர் கிடைத்தால் நல்லது. ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் கழிவுத் தண்ணீரை ஊற்றவே வேண்டாம்.

இந்த மண்ணும் எப்போதைக்குமானது இல்லை. ஒரு பருவம் காய்த்து முடிந்ததும் சத்து இறங்கிவிடும், மறுபடி மக்கிய எரு கலந்து ஆறவிட வேண்டும். வயலுக்குப் போடுவதாக இருந்தால் முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும், சேலம் சந்தியூரிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் ஆலோசனை கேட்கலாம்.

கடையில் ரெடிமேட் 'சூப்பர் சாயில்' பை வாங்குபவர்கள், அதில் கோழி எரு இருக்கிறதா, எத்தனை மாதம் மக்கியது என்று கேட்டு வாங்குங்கள். பையைத் திறந்ததும் கண் எரிந்தால், அதை விதைக்கு இன்னும் கொடுக்காதீர்கள். ஒரு மூலையில் வைத்து, கிளறி, ஆறவிடுங்கள்.