பள்ளிக்குப் போகும் வழி யாருடையது?

ஜப்பானில் ஆறேழு வயதுப் பிள்ளைகள் பெற்றோர் துணையில்லாமல் நடந்தே பள்ளிக்குப் போகும் காணொளிகள் நம் செல்போன்களிலும் சுற்றி வருகின்றன. தலையில் மஞ்சள் தொப்பி, முதுகில் கெட்டியான பை. முன்னால் பெரிய வகுப்பு மாணவர் ஒருவர், பின்னால் வரிசையாகச் சின்னஞ்சிறுசுகள். பார்ப்பவர்கள் "என்ன ஒழுக்கம்!" என்று வியக்கிறார்கள். வியக்கலாம். ஆனால், அது பிள்ளைகளின் ஒழுக்கம் மட்டுமல்ல. அந்த வழிக்கு ஊரே பொறுப்பேற்றிருப்பதால்தான் பிள்ளைகள் பயமின்றி நடக்கிறார்கள்.

அங்கே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எந்தத் தெரு வழியாக வரவேண்டும் என்பது முன்கூட்டியே குறிக்கப்படுகிறது. பல ஊர்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடிச் சேர்ந்து போகிறார்கள். சாலையைக் கடக்கும் இடங்களில் பெற்றோரும் முதியவர்களும் கொடி பிடித்து நிற்கிறார்கள். இதெல்லாம் தானாக வரவில்லை. 1970ஆம் ஆண்டில் மட்டும் ஜப்பான் சாலைகளில் 16,765 பேர் இறந்தார்கள். விபத்துகள் பெருகிய அந்தக் காலத்தில்தான் பள்ளி வழிகளைக் காக்கும் ஏற்பாடுகள் வலுப்பெற்றன. 2021 ஜூனில் யாச்சிமாத்தா என்ற ஊரில், பள்ளி முடிந்து வீடு திரும்பிய பிள்ளைகள் மீது லாரி மோதி இருவர் இறந்தனர். அதையடுத்து நாடு முழுவதும் தொடக்கப் பள்ளி வழிகளை ஆய்வு செய்து, சரிசெய்ய வேண்டிய சுமார் 76,000 இடங்களைப் பட்டியலிட்டார்கள்.

இப்போது நம் செஞ்சிக்கு வருவோம். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டைக்கு வரும் பயணிகளுக்கு நல்ல சாலை வேண்டும், பெயர்ப்பலகை வேண்டும், நிழல் வேண்டும் என்று பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால், சுற்றுக் கிராமங்களிலிருந்து தினமும் நடந்தும் சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலும் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளின் வழியைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

தமிழ்நாட்டின் கட்டாயக் கல்வி விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஆனால், சேரிப் பிள்ளைக்குத் தூரம் கிலோமீட்டரோடு முடிவதில்லை. இடையில் ஊர்த்தெரு இருக்கிறது, கோயில் முனை இருக்கிறது, டீக்கடை பெஞ்சு இருக்கிறது. "யார் வீட்டுப் பையன்டா நீ?" என்ற கேள்வி இருக்கிறது. கை காட்டியும் நிற்காமல் போகும் பஸ் இருக்கிறது. இவற்றை அளக்க எந்த அலுவலகத்திலும் அளவுகோல் இல்லை.

பொது வழியில் நடக்கும் உரிமைக்கே நம் முன்னோர் போராட வேண்டியிருந்தது. 1924இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில், பொதுச் சாலையையும் தெருவையும் கிணற்றையும் எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தவர் இரட்டைமலை சீனிவாசன். அதற்கு நூறாண்டு ஆகிவிட்டது. ஆனாலும், 1997இல் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயர்களும் பஸ்களிலிருந்து நீக்கப்பட்டன. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பகுதியில், தேர்வு எழுதப் போய்க்கொண்டிருந்த பிளஸ் 1 தலித் மாணவரைப் பஸ்ஸிலிருந்து இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள். அது நடந்தது பள்ளிக்குள் அல்ல, பள்ளிக்குப் போகும் வழியில்.

சைக்கிளையும் எடுத்துக்கொள்வோம். இன்று எல்லாப் பிரிவு மாணவர்களும் வாங்கும் அரசின் விலையில்லா சைக்கிள், 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கான திட்டமாகத்தான் தொடங்கியது. சேரிக்காக வந்த சைக்கிள் ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால், அதே சைக்கிளில் சாதி அடையாள வண்ணம் பூசி வருவதைத் தடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் பரிந்துரைக்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறோம். 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த குழு அது.

மாணவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தின்படி, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதையும், செருப்பு அணிவதையும், கல்வி நிலையத்துக்குள் நுழைவதையும் தடுப்பது குற்றம். "ஊருக்குள் இறங்கித் தள்ளிக்கொண்டு போ" என்று சொல்வது பழக்கமல்ல, குற்றம்.

அப்படியானால் ஜப்பானைப் போலவே செய்தால் போதுமா? போதாது. அங்கே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து போகிறார்கள். நம் கிராமத்தில் அக்கம்பக்கம் என்றாலே ஒரே சாதி. அதை அப்படியே கொண்டுவந்தால் ஊர்ப் பிள்ளைகள் ஒரு வரிசை, சேரிப் பிள்ளைகள் ஒரு வரிசை என்றாகிவிடும். நமக்கு வேண்டியது சேரியில் தொடங்கி, ஊர்த்தெரு வழியாக, எல்லோரையும் சேர்த்துக்கொண்டு பள்ளிக்குப் போகும் ஒரே வரிசை.

ஜப்பானும் பாகுபாடு இல்லாத நாடல்ல. பிறப்பாலும் தொழிலாலும் ஒதுக்கப்பட்ட புராக்கு மக்கள் அங்கே உண்டு. 1871இல் சட்டப்படி இழிவு நீக்கப்பட்ட பிறகும் ஒதுக்கல் தொடர்ந்தது. 1961இல் கோச்சி நகரின் நாகாஹாமா பகுதியில் புராக்குத் தாய்மார்கள், "கட்டாயக் கல்வி இலவசம் என்கிறது அரசியல் சட்டம், பாடப்புத்தகத்துக்கு மட்டும் ஏன் காசு?" என்று கேட்டுப் போராடினார்கள். 1963இல் சட்டம் வந்தது. இன்று ஜப்பானில் கட்டாயக் கல்வி பயிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடப்புத்தகம் இலவசம். ஒடுக்கப்பட்டவர்கள் கேட்டது நாட்டுக்கே கிடைத்தது. நம் சைக்கிள் கதையும் அதுதானே?

ஆகவே நாம் கேட்போம். செஞ்சி, மேல்மலையனூர் வட்டாரங்களில் ஒவ்வொரு சேரியிலிருந்தும் பள்ளிக்குப் போகும் வழியை வருவாய், கல்வி, காவல், போக்குவரத்துத் துறைகள் சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். சேரி நிறுத்தத்தில் காலையும் மாலையும் பஸ் நிற்கிறதா என்பதைப் பதிவு செய்ய வேண்டும். நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களில் பள்ளி நேரத்தில் ஆள் நிற்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்கிறார்கள், நம் தாய்மார்களும் இருக்கிறார்கள். கிராம சபையிலும் நமக்குப் பேச உரிமை உண்டு. இரண்டிலும் இதைத் தீர்மானமாக்கலாம்.

அதற்கு முன் மாணவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரையிலான வழியை வரையுங்கள். எங்கே பஸ் நிற்பதில்லை, எங்கே விளக்கு எரிவதில்லை, எந்த முனையில் சைக்கிளை விட்டு இறங்குகிறீர்கள் என்று குறியுங்கள். அடுத்த கிராம சபைக்கு அந்தத் தாளோடு போங்கள்.