வண்டியின் வயசைப் பார்க்காதீங்க, உடம்பைப் பாருங்க

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். பழைய மாணவர்கள் கட்டாயம் படிக்கவும், கடைசியில் உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கும் வெள்ளி நிற லான்சரை கடம்பத்தூரில் நிறையப் பேருக்குத் தெரியும். 2001 ஜூனில் பதிவான வண்டி. 2010இல் நான் செகண்ட் ஹேண்டில் 1,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். வருகிற ஜூனில் அதன் ஆர்.சி. காலம் முடிகிறது. மறுபடி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிப்பதா, இல்லை ஸ்கிராப்புக்குத் தள்ளிவிடுவதா என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் நடக்கும் பட்டிமன்றம்.

பெங்களூரில் இருக்கும் மகன் போன வாரம் போனில் சொன்னான். "அப்பா, போதும்ப்பா. இருபத்தஞ்சு வருஷ வண்டி. கொடுத்துட்டு சின்னதா ஒரு புது வண்டி எடுத்துக்கோங்க. தவணையில பாதி நான் கட்டறேன்." நல்ல மனசோடுதான் சொல்கிறான். வீட்டம்மாவும் அவன் பக்கம்தான். நான் மட்டும் எதிர்க்கட்சி. என் வாதத்தை உங்கள் முன்னால் வைக்கிறேன்.

முதலில் இந்த வண்டி எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிடுகிறேன். ஜப்பான் பெயரைப் பார்த்து யாரும் வெளியூர் என்று நினைக்க வேண்டாம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மிட்சுபிஷியோடு சேர்ந்து, நம் கடம்பத்தூரை ஒட்டிய அதிகத்தூர் தொழிற்சாலையில் 1998 முதல் செய்த வண்டி இது. பின்னால் பஜேரோவும் அங்கிருந்துதான் வந்தது. கல்கத்தா பக்கம் உத்தரப்பாராவில் அம்பாசடர் செய்த அதே கம்பெனிதான். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. நம் ஊர் தொழிற்சாலை வேறு கைக்கு மாறி, இன்று அங்கே சிட்ரோன் கார்கள் தயாராகின்றன.

அந்தக் காலத்தில் லான்சர் என்றால் சொகுசு கார். நான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது, புது வண்டிகளை ஏற்றிக்கொண்டு பெரிய லாரிகள் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பும். ஓரமாக நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். என்னிடம் பத்தாவது படித்த பையன்கள் சிலர் ஐ.டி.ஐ. முடித்து அந்த லைனில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவன்தான் இன்றைக்கும் என் வண்டிக்கு வைத்தியர். "சார், இந்தக் கதவை மாட்டினது நானாக்கூட இருக்கலாம்" என்பான், ஒவ்வொரு முறையும்.

சரி, கணக்குக்கு வருவோம். வாத்தியார் புத்தி, வாங்கிய நாளிலிருந்து ஒரு நோட்டு போட்டு எழுதி வருகிறேன். பெட்ரோல், இன்சூரன்ஸ் நீங்கலாக, பழுதுக்கும் பராமரிப்புக்கும் மட்டும் 15 வருஷத்தில் நான் செலவு செய்தது 3,12,000 ரூபாய். வருஷத்துக்கு 20,800. மாதத்துக்குப் பார்த்தால் 1,733 ரூபாய். அதில் ஒரே வருஷத்தில் கிளட்ச், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட் எல்லாம் சேர்ந்து 38,000 பிடுங்கியதும் அடக்கம்.

மகன் சொல்லும் புது வண்டிக்கு ஆறரை லட்சம் கடன் போட்டால், ஐந்து வருஷத்துக்கு மாதம் 13,500க்குக் குறையாது. அவன் பாதி கட்டினாலும் மீதி என் பென்ஷனில் இருந்துதான் போக வேண்டும். நான் ஓட்டுவதோ வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர். திருவள்ளூர் ஆஸ்பத்திரி, பேரம்பாக்கம் மாமியார் வீடு, எப்போதாவது காஞ்சிபுரம். இதற்கா அவ்வளவு?

பழுதுச் செலவு இவ்வளவு குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முக்கால்வாசி சின்ன வேலைகளை வீட்டிலேயே நானே செய்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்:

1. பழைய வண்டியின் எதிரி கிலோமீட்டர் இல்லை, காலம். ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் ரப்பர் செத்துப்போகும். மாதம் ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தாலும், சொதசொதவென்று இருந்தாலும் மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய் ஹோஸ் நடுவழியில் வெடித்தால், சூடேறி இன்ஜினே போகும்.

2. கூலன்ட்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம், ரேடியேட்டருக்குள் படிந்து அடைக்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. குக்கர் பாடம் ஞாபகம் இருக்கிறதா? அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய், உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் அடிக்கும்.

3. பேட்டரி டெர்மினலில் பூக்கும் வெள்ளை, பச்சைத் தூளை ஆப்ப சோடா கலந்த தண்ணீரால் கழுவித் துடைத்து, லேசாக வாசலின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் நெகடிவ், மாட்டும்போது கடைசியில் நெகடிவ்.

4. கதவின் அடிப்பக்கம் சின்ன ஓட்டைகள் இருக்கும். மழைத் தண்ணீர் வடிவதற்காக வைத்தவை. மண் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஒரு ஈர்க்குச்சி போதும். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் வைப்பருக்குக் கீழே சேரும் இலைகளையும் அள்ளிப் போடுங்கள்.

5. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் செய்த டயர். பட்டன் நன்றாக இருக்கிறது என்று பத்து வருஷ டயரில் நெடுஞ்சாலை ஏறாதீர்கள்.

6. வாரம் ஒருமுறை எலி பாருங்கள். சிரிக்க வேண்டாம். என் வண்டியில் இதுவரை மூன்று முறை ஒயர் கடித்திருக்கிறது.

இனி வீட்டில் செய்யக் கூடாதது. பிரேக் லைன், டைமிங் பெல்ட், சஸ்பென்ஷன் ஸ்பிரிங், ஏ.சி. கேஸ். இவற்றைத் தொடாதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள், ஸ்டாண்டு வைக்காமல் ஒரு நிமிஷம்கூட வேண்டாம். பாஸ்கல் விதியை முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவன் நான். ஆனாலும் பிரேக் ஆயில் மாற்றுவது என் மாணவன் கையில்தான். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் சூட்டில் ஆவியாகி, பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றிவிடுகிறேன்.

நானும் தப்பு செய்திருக்கிறேன். 2013இல் ஆயில் மாற்றும்போது, ஒழுகக் கூடாது என்று டிரெயின் போல்ட்டை பலம் கொண்ட மட்டும் முறுக்கி, மரையைத் தின்றுவிட்டேன். ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 2,800 ரூபாய் தண்டம். மாணவன் வந்து பார்த்து, "சார், நீங்கதானே அளவு முக்கியம்னு சொல்லிக் கொடுத்தீங்க" என்றான். இது தேவைதான் எனக்கு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

2021இல் ஆர்.சி. புதுப்பிக்க நான் கட்டிய கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 15 வருஷம் தாண்டிய கார்களுக்கு அதை 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி, 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000. இதற்குமேல் பசுமை வரி தனி. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதானே என்பார்கள். தொகை மட்டும் என் வருத்தம் இல்லை. அந்த 10,000 ரூபாய் என் வண்டியின் பிரேக்கைப் பார்க்கவில்லை, புகையைப் பார்க்கவில்லை. பிறந்த தேதியை மட்டும் பார்க்கிறது.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ்.6 வண்டிகளோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் என் வண்டி அதிகமாகத்தான் மாசு விடும். ஏர்பேக் கிடையாது. டெல்லி பகுதியில் 10 வருஷம் தாண்டிய டீசல், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை போட்டதற்கும் அந்த ஊர்க் காற்றுதான் காரணம். கரும்புகை கக்கிக்கொண்டு ஓடும் வண்டிகளை ஓரங்கட்ட வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

ஆனால் அதற்கு வழி பரீட்சைதான். புகை, பிரேக், விளக்கு, ஸ்டீயரிங், அடிப்பாகத் துரு, இவ்வளவையும் மெஷின் வைத்துக் கறாராகச் சோதிக்கட்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போதாது என்றால் வருஷா வருஷம் வைக்கட்டும். தோற்ற வண்டியை வெளியேற்றட்டும். அது என் வண்டியாக இருந்தாலும் சரி. வயசுக்குத் தனியாகக் கட்டணம் போட்டால் என்ன நடக்கும்? பணம் உள்ளவர் கெட்டுப்போன வண்டிக்கும் கட்டிவிடுவார். பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் பென்ஷன்காரர் நல்ல வண்டியைக் கைவிடுவார். 4,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும் 40,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும் ஒரே சீட்டு. இதில் காற்றுக்கு என்ன லாபம்? புது வண்டி செய்யவும் இரும்பும் மின்சாரமும் வேண்டுமே, அந்தக் கணக்கு எங்கே?

இரண்டாவது, உதிரி பாகம். பழைய வண்டியைப் பாதுகாப்பாக வைத்திரு என்று சொல்லும் அரசு, அதற்கான பாகமும் விவரமும் கிடைக்க வழி செய்ய வேண்டாமா? வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகங்களும் தொழில்நுட்ப விவரங்களும் கிடைக்காமல் கட்டுப்படுத்தியதற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது மேல்முறையீடு, நீதிமன்றம் என்று போனது. 2022இல் ஒன்றிய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு போட்டு, அந்த வருஷக் கடைசியில் இணையதளமும் திறந்தது. கார்களும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் ஒரு மாடல் நின்ற பிறகு இத்தனை வருஷம் பாகம் கொடுத்தே ஆக வேண்டும், சர்வீஸ் புத்தகத்தை எல்லா மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்று சட்டம் வந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பயன்.

அதுவரை எங்களுக்கு புதுப்பேட்டைதான். காலை மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், பழைய பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவேன். ஒருமுறை வலது பக்க ஜன்னல் கண்ணாடி மோட்டாருக்கு ஐந்து மணி நேரம் அலைந்தேன். ஒரு பெரியவர், பரணில் இருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். பெட்டியைப் பிரிக்காத புதுப் பொருள். விலை கேட்டு மயக்கம் வந்தது வேறு விஷயம்.

இன்னொன்றும் இருக்கிறது. என் 3,12,000 ரூபாயில் பெரும்பகுதி நம் ஊர்ப் பக்கத்து மெக்கானிக், டிங்கர், எலக்ட்ரீஷியன் கைக்குப் போயிருக்கிறது. அதிகத்தூர் லைனில் கார் செய்யக் கற்ற கைகள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. பழைய வண்டிகள் ரோட்டில் இருக்கும்வரைதான் அந்த வித்தைக்கும் மரியாதை. என் மாணவனுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. அவனிடம் கற்றுக்கொள்ள ஒரு பையன்கூட நிலையாக நிற்கவில்லை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு மாணவன் வருகிறான். லோயர் ஆர்ம் புஷ், பிரேக் டிஸ்க், அடிப்பாகத் துரு, மூன்றையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே, "சார்னு பார்க்காதே, இருக்கிறதைச் சொல்லு" என்றும் சொல்லியிருக்கிறேன். அடிச்சட்டம் உளுத்துப்போய்விட்டது என்று அவன் சொன்னால், மறுநாளே நானே ஓட்டிக்கொண்டு போய் அரசு அங்கீகரித்த ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்துவிடுவேன். நன்றாக இருக்கிறது என்றால், 10,000 ரூபாயைக் கட்டிவிட்டு இந்தப் பதிவை அச்செடுத்துப் போக்குவரத்துத் துறைக்கும் அனுப்புவேன். மகனிடமும் இதைச் சொல்லிவிட்டேன். "சரிப்பா, அண்ணன் சொல்றதைக் கேக்கறேன்" என்றான்.

பழைய மாணவர்களுக்கு வைத்த வேலை இதுதான். உங்கள் வீட்டில் 15 வருஷம் தாண்டிய வண்டி இருந்தால், இன்று மாலை டயரில் அந்த நான்கு இலக்கத்தையும், பிரேக் ஆயில் கடைசியாக மாற்றிய தேதியையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி ஞாபகம் இல்லை என்றால், மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.