கிலோமீட்டரைப் பார்க்காதீங்க, டயரைப் பாருங்க

1/ "10 வருஷப் பழைய போர்ஷே, 15,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, தினமும் ஆபீஸுக்கே எடுத்துட்டுப் போலாம்"னு யூடியூப்ல விக்கிறாங்க. ஓடாததுதாங்க பிரச்சனையே! சும்மா நின்னாலும் டயர் ரப்பர் இறுகும். பட்டன் தேஞ்சிருக்காது, பிடிமானம் போயிருக்கும்.

2/ 2013 நவம்பரில் கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்தது 2005 மாடல் கரேரா ஜிடியில். ஓட்டியவர் அவர் நண்பர். வேகம்தான் முதல் காரணம், மறுக்கல. ஆனா அந்த டயர்களுக்கு 9 வயசுன்னும் விசாரணை சொன்னது.

3/ மாத்திரை அட்டையில எக்ஸ்பைரி தேடுற நீங்க, டயர் பக்கவாட்டுல அந்த நாலு எண்ணைத் தேட மாட்டீங்களா? 2315ன்னா 2015, 23வது வாரம். "பட்டன் புதுசா இருக்கே சார்"னு புரோக்கர் சிரிப்பார். நாலையும் மாத்திக் குடுத்தா அட்வான்ஸ்னு சொல்லுங்க.