டத்தோ கெராமாட் மறைந்த கதையும் அடுத்த எல்லைக் கோடும்

1955ஆம் ஆண்டுத் தேர்தலில் பினாங்கின் ஜார்ஜ்டவுன் முழுவதும் ஒரே தொகுதி. 1959இல் அது தஞ்சோங், டத்தோ கெராமாட் என இரண்டானது. தஞ்சோங் இன்றும் இருக்கிறது. டத்தோ கெராமாட் நாடாளுமன்றத் தொகுதி 1974இல் கலைக்கப்பட்டது. அந்தப் பெயர் இப்போது ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதிக்கு உட்பட்ட ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயராக மட்டுமே எஞ்சியிருக்கிறது.

பதினைந்து ஆண்டே வாழ்ந்த தொகுதியை இன்று ஏன் நினைக்க வேண்டும்? அங்கே வாக்காளர்கள் செய்த தேர்வுகளுக்காக நினைக்க வேண்டும். 1959இலும் 1964இலும் சோஷலிஸ்ட் முன்னணியின் லிம் கியன் சியூவை அனுப்பினார்கள். 1969இல், அந்த முன்னணியில் இருந்த தொழிலாளர் கட்சி தேர்தலைப் புறக்கணித்தபோது, கெராக்கான் வேட்பாளர் வி. டேவிட்டை அனுப்பினார்கள். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர் அவர், தமிழர். சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரத் தொகுதி அது. பினாங்கிற்கு இப்படிப்பட்ட தேர்வு புதிதும் அல்ல. 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிலாளர் கட்சியின் டி.எஸ். ராமநாதன்.

டேவிட் வென்றது 1969 மே 10ஆம் தேதி நடந்த தேர்தலில். மூன்று நாள் கழித்து வெடித்த கலவரத்துக்குப் பின் நாடாளுமன்றம் முடக்கப்பட்டு, 1971 பிப்ரவரியில்தான் கூடியது. மக்கள் தேர்ந்தெடுத்தவர் அவைக்குள் நுழையவே ஒன்றே முக்கால் ஆண்டு ஆயிற்று. அடுத்த தேர்தல் வந்தபோது தொகுதியே இல்லை.

பினாங்கின் இடங்கள் எட்டிலிருந்து ஒன்பதாகக் கூடியதால் அப்போது பலருக்கு இது இழப்பாகத் தோன்றாமல் இருந்திருக்கலாம். ஆனால் எந்த விதியின்கீழ் அந்தக் கோடுகள் போடப்பட்டன என்று பாருங்கள். 1957 அரசியலமைப்பு, தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்றது. 1962இல் கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதியளவு இருந்தால் போதும் எனத் தளர்த்தினார்கள். 1973இல் அந்த வரம்பையும் நீக்கினார்கள். அதன் விளைவை 2022 பொதுத் தேர்தலில் கண்டோம். சிலாங்கூரின் பாங்கியில் 3 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள்; அதே மாநிலத்தின் சபாக் பெர்ணமில் 50 ஆயிரத்தைச் சற்றே தாண்டியவர்கள். இரண்டுக்கும் தலா ஓர் உறுப்பினர்தான்.

நம் சமூகத்தில், இந்தியர்களுக்கென்று தொகுதிகள் ஒதுக்க வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. அந்தக் குரலின் வேதனை நமக்குப் புரிகிறது. கோரிக்கையை ஏற்க முடியவில்லை. இந்தியர் பெரும்பான்மையாக உள்ள ஒரு நாடாளுமன்றத் தொகுதிகூட இந்த நாட்டில் கிடையாது. நாம் எங்கும் சிதறி வாழ்கிறோம். இனத்தை அளந்து எல்லை போடும் பழக்கத்துக்கு நாமே துணை போனால், அந்த அளவுகோலில் முதலில் அடிபடுவது நாம்தான். டேவிட் வென்றது இந்தியர் தொகுதியில் அல்ல. பின்னாளில் ஜெலுத்தோங்கில் 1978 முதல் 1999 வரை கர்ப்பால் சிங் வென்றுவந்ததும், 2018 முதல் ஆர்.எஸ்.என். ராயர் வென்றுவருவதும் அப்படி ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் அல்ல. சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு, ஒவ்வொரு வாக்கும் ஏறத்தாழச் சம எடை பெறுவதிலும், ஒரே வட்டாரத்தில் கலந்து வாழ்பவர்களைக் கோடு போட்டுப் பிரிக்காமல் இருப்பதிலும்தான் இருக்கிறது. வட்டார உறவுகள் காக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆவது அட்டவணையே சொல்கிறது.

தீபகற்பத்தின் இப்போதைய எல்லைகள் 2018 மார்ச் 28 அன்று மக்களவையில் 129க்கு 80 என்ற வாக்கில் நிறைவேறி, மறுநாள் நடப்புக்கு வந்தன. ஆறே வாரத்தில் பொதுத் தேர்தல். ஒரு தலைமுறையின் வாக்குரிமையைப் பாதிக்கும் திட்டத்தைத் தேர்தல் வாசலில் வைத்து அவசரமாக நிறைவேற்றியது தவறு. ஒரு மறுசீரமைப்புக்கும் அடுத்ததற்கும் குறைந்தது எட்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது சட்டம். அந்த எட்டு ஆண்டு 2026 மார்ச்சில் நிறைவடைகிறது.

அதற்குப் பின் தொடங்கும் மறுசீரமைப்பில் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். எந்தத் தொகுதி கலைக்கப்படுகிறது, அதன் வாக்காளர்கள் எங்கே போகிறார்கள், ஏன் என்பதை மலாய், தமிழ், சீன மொழிகளில் வரைபடத்தோடு சொல்ல வேண்டும். 15 விழுக்காட்டு வரம்பை நாடாளுமன்றம் மீண்டும் கொண்டுவர வேண்டும். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. கட்சிகள் மனம் வைத்தால் அது கிடைக்கும்.

நமக்கும் வேலை இருக்கிறது. பாதிக்கப்படும் பகுதியின் வாக்காளர்கள் நூறு பேர் சேர்ந்து ஆட்சேபம் தெரிவித்தால் ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியாக வேண்டும். அதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். தொழிற்சங்கக் கிளைகளும் ஆலய நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும், தங்கள் உறுப்பினர்களின் பெயர் எந்த வாக்களிப்பு வட்டாரத்தில் பதிவாகியிருக்கிறது என்பதை இப்போதே சரிபார்த்துப் பட்டியலிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.