‘அன்புள்ள வாடிக்கையாளரே’ வேண்டாமுங்க... மெயிலைத் திறக்கவைக்கும் அந்த ஒரு வரி!

ஆடி பிறந்துவிட்டால் அந்தியூரில் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவும், அதையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையும்தான் பேச்சு. கூட்டம் அலைமோதும் அந்தச் சந்தையில் பொருள் விற்பவருக்குக் கிடைப்பது சில நொடிகள். நடந்துபோகிறவர் நின்று திரும்பிப் பார்க்கும்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தை பொய் என்று தெரிந்துவிட்டால், அடுத்த ஆடிக்கு அவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

உங்கள் போனில் இருக்கும் மெயில் பெட்டியும் அப்படி ஒரு சந்தைதான். வங்கி, நகைக்கடை, மருந்துக்கடை, ஜவுளிக்கடை எல்லோரும் அங்கே கூவுகிறார்கள். யார் குரலுக்கு நிற்பது என்பதை முடிவு செய்வது ‘சப்ஜெக்ட் லைன்’ எனப்படும் அந்த முதல் வரிதான்.

400 பேர், ஒரே மெயில்

அந்தியூர் கடைவீதியில் ஒரு சின்ன ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். பவானி ஜமக்காளம், போர்வை, கைத்தறிச் சேலை விற்கிறார்கள். பில் போடும்போது வாங்கிவைத்த 400 மெயில் முகவரிகள் கையில் இருக்கின்றன. வாங்கும் தொகைக்கு ஏற்ப பாயின்ட் தரும் திட்டமும் உண்டு. ஆடிக்கு ஒரு மெயில் அனுப்புகிறார்கள்:

“எங்கள் மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் ஆடி மாத மகிழ்ச்சியான அறிவிப்பு.”

போன் திரையில் தெரிவது மூன்று, நான்கு சொற்கள்தான். அதாவது, “எங்கள் மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்கள்...” அவ்வளவே. மரியாதை சொன்னதிலேயே இடம் தீர்ந்துவிட்டது. என்ன விஷயம் என்று தெரியாமலே விரல் கீழே தள்ளிவிட்டுப் போய்விடும்.

இதே கடைக்காரர் நேரில் எப்படிப் பேசுவார்? “வாங்கக்கா, நீங்க கேட்ட நீலக் கரை வந்துருச்சுங்க” என்பார். யார், எதைக் கேட்டார் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. சின்னக் கடையின் பலமே அதுதான். மெயில் எழுத உட்கார்ந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள்.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல்

தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். “உங்கள் கணக்கில் உள்ள 340 பாயின்ட் ஆடி 18-உடன் முடிகிறது” என்று எழுதினால், ‘முடிகிறது’ என்ற முக்கியச் சொல் திரைக்கு வெளியே போய்விடும். பேச்சில் நாம் இதைச் சுலபமாகச் சரிசெய்துகொள்கிறோம். “வந்துட்டாரு பாரு மாமா” என்று சொல்வதில்லையா? சப்ஜெக்ட் லைனிலும் அதே உத்தி செல்லும்.

“340 பாயின்ட், ஆடி 18 வரைதான்!”

“நீல ஜமக்காளம் வந்தாச்சு, நீங்க கேட்டது.”

பொருளோ எண்ணோ முதலில், மற்றது பிறகு. கடையின் பெயரை இந்த வரியில் எழுத வேண்டியதில்லை. அனுப்புநர் பெயராக அது மேலேயே தெரியும்.

எஸ்.எம்.எஸ் அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ் 160 எழுத்து பிடிக்கும். தமிழில் 70 மட்டுமே. அதிலும் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘அந்தியூர்’ நம் கண்ணுக்கு 5 எழுத்து, போனுக்கு 9. இரண்டு சொல் கூடினால் ஒரு மெசேஜுக்கு இரண்டு மெசேஜ் காசு போய்விடும்.

ஒபாமாவுக்கு 26 லட்சம் டாலர் தந்த வரி

ஒரு வரியில் அவ்வளவு வித்தியாசம் வருமா? 2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவின் பிரசாரக் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. நன்கொடை கேட்கும் மெயிலைப் பல தலைப்புகளில் எழுதி, முதலில் சிறு குழுக்களுக்கு அனுப்புவார்கள். எது ஜெயிக்கிறதோ அதுதான் மற்ற எல்லோருக்கும் போகும். ‘எதிரணி என்னைவிட அதிகம் செலவழிக்கப்போகிறது’ என்ற பொருளில் ஒபாமாவே சொல்வதுபோல் இருந்த வரிக்கு 26 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. சோதனையில் பின்தங்கிய ஒரு தலைப்பை அனுப்பியிருந்தால் சுமார் 4 லட்சம்தான் கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். வெறும் ‘ஹேய்’ என்று போன மெயிலும் பெரிய வெற்றி. அறிவிப்புபோல் இல்லாமல், தெரிந்தவர் ஒருவர் எழுதியதுபோல் இருந்தது அதன் பலம்.

அந்தியூர் கடையும் 200, 200 பேராகப் பிரித்து இரண்டு தலைப்புகளைச் சோதிக்கலாம். ஒன்றுக்கு 22 பேர், இன்னொன்றுக்கு 25 பேர் வந்தால் அது தற்செயலாக இருக்கலாம். 20 பேர், 50 பேர் என்றால் கவனிக்க வேண்டிய விஷயம். எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்று கம்ப்யூட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. 2021-ல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, படிக்காத மெயில்கூட திறந்ததாகக் கணக்கில் வரலாம். கல்லாவில் நின்று, “மெயில் பார்த்துட்டு வந்தீங்களாங்க?” என்று கேட்பதே சரியான கணக்கு.

பொய் அவசரம் வேண்டாம்

“கடைசி 2 மணி நேரம்”, “இன்னும் 3 சேலைதான்” என்றெல்லாம் எழுதினால் மெயில் திறக்கப்படும். உண்மையென்றால் தாராளமாக எழுதலாம். மறுநாளும் அதே சேலை அதே விலையில் கிடைத்தால்? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 உத்திகளைத் தடுக்கின்றன. பொய்யான அவசரம் காட்டுவதும் அதில் ஒன்று.

சட்டத்துக்கு முன்பே வாடிக்கையாளர் தண்டித்துவிடுவார். ‘ஸ்பேம்’ என்று ஒரு தட்டு தட்டினால் போதும். ஜிமெயிலுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் கூகுள் கடுமையான விதி வைத்திருக்கிறது. ஸ்பேம் புகார் 1,000-க்கு 3 என்ற அளவைத் தொடக் கூடாது. ஒரே தட்டில் விலகும் வசதியும் தர வேண்டும். சின்னக் கடைக்கு அந்த எண்ணிக்கை வராது. ஆனாலும் புகார் சேரச் சேர, கடை அனுப்பும் பில்கூட ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழும் ஆபத்து உண்டு. ஒரு பொய் அவசரத்தில் நாலு சேலை கூடுதலாக விற்கலாம். அதற்குப் பதிலாக 400 பேரிடம் பேசும் வழியே அடைபட்டுப்போகலாம்.

அனுப்பும் முன் நான்கு கேள்விகள்

முதல் மூன்று சொல்லில் விஷயம் தெரிகிறதா? உள்ளே இருப்பதைத்தான் தலைப்பு சொல்கிறதா? இது இந்த வாடிக்கையாளருக்குப் பயன்படுமா, அல்லது கடைக்கு மட்டுமா? கடைசியாக, இதே வரியை அவர் நேரில் வந்து நின்றால் சொல்வீர்களா?

நான்காவது கேள்விக்கு ‘ஆமாங்க’ என்று பதில் வந்தால், தைரியமாக அனுப்பலாம். முதலில் உங்கள் போனுக்கே அனுப்பிப் பாருங்கள். எங்கே வரி அறுந்துபோகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.